நாலு பேருக்கு ஒரு சஹன்

இருபத்தைந்து வருடமாக நான் மாட்டிறைச்சி விற்கிறேன். அதில் எட்டு வருடம் ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை.

காரணம் என் வலது காலின் இரண்டாவது விரல். ஒரு காலையில் அது வீங்கியிருந்தது. மூட்டு மட்டுமல்ல. அடியிலிருந்து நுனிவரை, குடலுக்குள் கொத்திய இறைச்சியை அடைத்ததுபோல. ஒரு டொக்டர் இரத்தம் சோதித்தார். யூரிக் அசிட் கொஞ்சம் கூட என்றார். மாட்டிறைச்சியை நிறுத்தச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. என் மனைவி ஜுனைதா அதை எட்டு வருடம் நிறைவேற்றினாள்.

நான் கடையிலிருந்து வந்ததும், "கையைக் காட்டுங்க," என்பாள். மணந்து பார்ப்பாள்.

"நான் இறைச்சிக் கடைக்காரன் புள்ள. மணக்காம என்ன செய்யும்?"

"வாயைக் காட்டுங்க."

கடை சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் வீதியில். வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். ஆகவே சட்டமும் அவளுடையது.

விரலின் வீக்கம் வற்றியது. பிறகு குதிக்கால் பிடித்தது. பிறகு இடது கையின் நடுவிரல். காலையில் எழும்பினால் இரண்டு மணித்தியாலம் கை மடங்காது. சுபஹுத் தொழுகைக்குக் கை, முகம், கால் கழுவி வுழூச் செய்ய பைப்பை முழங்கையால் திறப்பேன். முழங்கையில் வேறு கதை. அங்கே தோல் சிவந்து தடித்து, வெள்ளையாகச் செதில் உதிரும். தலையிலும் அப்படி. அதற்கு இன்னொரு டொக்டர், ஒரு கிறீம். நகங்களில் ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள். அதை யாரிடமும் காட்டவில்லை. நகம் வெட்டினால் போய்விடும் என்று இருந்தேன்.

கால் டொக்டரிடம் தோலைக் காட்டவில்லை. தோல் டொக்டரிடம் காலைக் காட்டவில்லை. இறைச்சிக் கடையில் ஈரல் கேட்டவனுக்கு ஈரல், நெஞ்சு கேட்டவனுக்கு நெஞ்சு. ஆஸ்பத்திரியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கைமருந்து செய்யாமலும் இல்லை. ஒடிவு முறிவு வைத்தியர் எண்ணெய் போட்டு இழுத்தார். இழுத்த பிறகு ஒரு கிழமை நடக்கவில்லை. ஒருவர் தண்ணீர் ஓதித் தந்தார். குடித்தேன். தாகம் தீர்ந்தது. ஜுனைதா தினமும் கருஞ்சீரகம் தந்தாள். கருஞ்சீரகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. கருஞ்சீரகத்துக்கு என்மேல் இல்லை.

இந்த வருடம் செதில் முழங்கையிலிருந்து கைக்கு இறங்கியது.

ஒரு கிலோ கேட்ட பெண் என் கையைப் பார்த்தாள். அரைக் கிலோ போதும் என்றாள். நான் கத்தியை எடுத்ததும், "இரிக்கட்டும் காக்கா, இண்டைக்கு மீன் ஆக்கிக்கிறன்," என்று போய்விட்டாள். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். அடுத்த கிழமை இன்னும் நாலு பேர் மீனுக்கு மாறினார்கள். முகைதீன்பாவா ஹாஜியாரும் வரவில்லை. அவர் பள்ளிவாசல் தலைவர். பதினைந்து வருடமாகச் சனிக்கிழமை ஈரல் அவருக்குத்தான். மாட்டுக்கே அது தெரியும்.

பிறகு ஹாதிக் வந்தார். எங்கள் பகுதியின் பீ.எச்.ஐ. சுகாதாரம் பார்க்கிறவர், இளம் ஆள், மரியாதையானவர். கெட்ட செய்தியைப் பிளேன்டி குடித்துவிட்டுத்தான் சொல்வார்.

"காக்கா, ஒரு பெட்டிசன் வந்திரிக்கி."

"யாரு போட்ட?"

"பேரில்ல. நலன்விரும்பி எண்டு இரிக்கி."

எதிரே கோழிக்கடைப் பஸால் கோழியின் காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தான். கோழியும் பார்த்தது.

"என்ன எழுதி இரிக்கி?"

"குஷ்டம் எண்டு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைச்சிச் சரிவராது காக்கா. டொக்டர் நினைக்கணும். தொத்தாது எண்டு ரெண்டு கிழமைக்குள்ள ஒரு கடிதம் கொண்டாங்க. அது வரைக்கும் கிளவுஸ் போடுங்க. கடிதம் வராட்டி கடைய மூடத்தான் வேணும்."

அவர் போனபின் கத்தியைத் தீட்டினேன். வெட்ட ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதிலிருந்து இந்தக் கடை. வேறு எதையும் வெட்டவோ விற்கவோ எனக்குத் தெரியாது.

மட்டக்களப்பில் மூட்டு டொக்டர் ஒருவர் இருந்தார். கோகுலன் என்று பெயர். நெற்றியில் திருநீறு. காலை நீட்டினேன்.

"தொப்பியக் கழட்டுங்க," என்றார்.

"கால்லதான் டொக்டர் வருத்தம்."

"கழட்டுங்க. சேர்ட்டையும்."

எட்டு வருடத்தில் என்னை முழுதாகப் பார்த்த முதல் டொக்டர் அவர். தலையைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், குதிக்காலை அமத்தினார். நான் கத்தினேன். அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. கடைசியில் என் நகங்களைச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, தொலைத்த சாமானைக் கண்டவர்போல் தலையாட்டினார்.

"குடும்பத்தில ஆருக்கும் தோல் வருத்தம்?"

"வாப்பாவுக்குத் தலையில கொட்டும். பொடுகு எண்டு சொல்லுவாரு."

"தலையில மட்டுமா?"

"முழங்கால்லயும் பொடுகு இருந்த."

இரத்தம், எக்ஸ்ரே. ஒரு கிழமை கழித்து மறுபடி போனேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். டொக்டர்கள் கதிரையை இழுத்தால் நல்லதல்ல.

"இது ரெண்டு வருத்தமில்ல. ஒண்டுதான். சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்."

"மெல்லச் சொல்லுங்க டொக்டர்."

"உடம்பில காவலுக்கு ஆக்கள் நிக்காங்க. வெளியால வாற கிருமிய அடிக்கத்தான் அவங்க. உங்கட ஆக்கள் வீட்டுக்காரரையே போட்டு அடிக்காங்க. தோலையும் அடிக்காங்க. மூட்டையும் அடிக்காங்க."

"எங்கட பள்ளிவாசல் நிருவாகம் மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. கோயில் நிருவாகம் ஒன்றில் இருந்திருப்பார்.

ஒரு தாளில் படம் வரைந்தார். எலும்பு என்றார். எனக்கு அது உலக்கைபோல் தெரிந்தது. தசைநார் எலும்பில் போய் ஒட்டும் இடத்தைப் பேனையால் குத்திக் காட்டினார். அங்கேதான் முதலில் வீங்கும் என்றார். குதிக்கால் அதனால்தான்.

அந்த இடம் எனக்குத் தெரியும். கத்தி அங்கேதான் இறங்க வேண்டும். சரியாக இறங்கினால் மாட்டின் தொடை தானாகவே கழன்று கைக்கு வரும். பலம் தேவையில்லை. இருபத்தைந்து வருடமாக நான் மாடுகளுக்குச் செய்ததை என் உடம்பு எனக்குச் செய்துகொண்டிருந்தது. அதனிடம் கத்தி இல்லை. அவசரமும் இல்லை.

"தொத்துமா டொக்டர்?"

"தொத்தாது. கை குடுத்தாலும் தொத்தாது. ஒரே தட்டில சாப்பிட்டாலும் தொத்தாது."

"மாறுமா?"

"மாறாது. அடக்கி வைக்கலாம். விட்டா மூட்டு பழுதாகும். பழுதானது திரும்பி வராது. கால்ல ஒரு விரல் ஏற்கெனவே போயிட்டு."

அந்த விரலைப் பார்த்தேன். அது சும்மா இருந்தது.

ஒரு மாத்திரை எழுதினார். கிழமைக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் ஆள் தப்பாது என்று இரண்டு தரம் சொன்னார். நாளை என் வாயாலேயே சொல்ல வைத்தார். வெள்ளி என்றேன். வேறொரு நாளில் போலிக் அசிட். வேலை காட்ட இரண்டு மூன்று மாதம் எடுக்கும்.

"மாசாமாசம் இரத்தம் குடுத்து ஈரலைப் பாக்கோணும். குடிப்பீங்களா?"

"அஸ்தஃபிருல்லாஹ்."

"நல்லம். இன்னொண்டு. இந்த மருந்து அந்தக் காவல்காரரைக் கொஞ்சம் அசர வைக்கும். காய்ச்சல்காரர், இருமுறவங்க கிட்ட நிக்காதீங்க. உங்களுக்குக் கெதியாத் தொத்தும்."

கடிதம் தந்தார். ஆங்கிலத்தில், அரைப் பக்கம். கதவடியில் நின்று கேட்டேன்.

"டொக்டர், மாட்டிறைச்சி?"

"என்ன மாட்டிறைச்சி?"

"எட்டு வருஷமாத் திங்கிறல்ல. யூரிக் அசிட் எண்டாங்க."

தாள்களைப் புரட்டினார். "தோல் வேகமா வளர்ற ஆக்களுக்கு அது கொஞ்சம் கூடிக் காட்டும். உங்களுக்கு அந்த யூரிக் அசிட் வாதம், கவுட், இல்ல. அளவாச் சாப்பிடுங்க." பிறகு சொன்னார்: "ருசி பற்றி எனக்குத் தெரியாது. நான் சைவம்."

ஓர் ஊர் முழுக்க முஸ்லிம்கள் எட்டு வருடம் தராத அனுமதியை ஒரு சைவக்காரர் அரை நிமிடத்தில் தந்தார்.

ஜுனைதா அதை ஏற்கவில்லை.

"மாடு திங்காத மனிசனுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்? முதல் டொக்டர் சொல்லட்டும்."

முதல் டொக்டர் கனடாவுக்குப் போய்விட்டார்.

கடிதத்தை ஹாதிக்கிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். பிரதி எடுத்தார். "இனிப் பிரச்சினையில்ல காக்கா. கிளவுஸ மட்டும் விடாதீங்க," என்றார். கடை மூடப்படவில்லை.

அத்தோடு கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருக்க வேண்டும். நான் கல்முனைக்குக் கொண்டுபோய் லெமினேட் செய்தேன். நெஞ்சு இறைச்சி தொங்கும் கொளுக்கிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட்டேன்.

வந்தவர்கள் வாசிக்கவில்லை. படம் எடுத்தார்கள். அஸர் தொழுகைக்கு முன்பு கடிதம் ஊரிலுள்ள எல்லா வட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. அதில் தொற்றாது என்று ஒரு வரி இருந்தது. வருத்தத்தின் பெயர் அந்த வரியைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. இவ்வளவு நீளமான பெயருள்ள வருத்தம் தொற்றாமல் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். மாட்டிலிருந்து வந்ததாம் என்று இன்னொருவர் குரல் பதிவு போட்டார். அதுவரை ஊரிடம் சந்தேகம்தான் இருந்தது, ஆதாரம் இல்லை. நானே பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன்.

பஸாலின் கடையில் வரிசை நின்றது.

அந்தக் கிழமை ஜுனைதாவின் தம்பி நஸீம் வந்தான். அவன் மகளின் கலியாணம் வரவிருந்தது. ஒரு முழு மாடு என்னிடம் சொல்லியிருந்தான். உட்காராமல் நின்றான்.

"மச்சான், கோவிக்கப்படாது."

"கோவிச்சிட்டன். சொல்லு."

"மாப்பிள்ளை வீட்டாக்கள் ஒரு மாதிரிக் கதைக்காங்க. இறைச்சிய வேற இடத்தில எடுக்கிறன்."

"எடு. கிழட்டு மாட்ட ஒண்ட தலையில கட்டுவானுகள். தொடையத் தொட்டுப் பாத்து எடு."

"நீங்க வந்து பாத்துத் தாறீங்களா?"

அவன் அதைக் கேட்டது உண்மையாகத்தான். என் குடும்பம் அப்படி.

கலியாணம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, மண்டபத்தில் பகல் சாப்பாடு. ஜுனைதா சாரியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க வராம விட்டா என்ன? காய்ச்சல் எண்டு சொல்லிக்கிறன்."

"இரிக்கிற வருத்தம் போதும். புதுசா ஒண்டும் வேணாம்."

"சஹன்ல யாரு ஒங்களோட இரிக்கப் போறா? யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தேன். எங்கள் சாப்பாடு சஹனில்தான். பாயில் ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி நாலு பேர், ஒரே சோற்றில் நாலு கை. மாமன் மருமகள் கலியாணத்துக்குப் போகாவிட்டால் கடிதம் பொய் என்று ஆகும். போய் என்னோடு ஒருவனும் கை போடாவிட்டால் அதுவும் அப்படித்தான் ஆகும். என் கையால் சோறு தின்னாதவன் என் கையால் இறைச்சி வாங்கமாட்டான். கடையின் கடைசி நாள் ஹாதிக்கின் கடிதத்தில் வராது. சஹனில் வரும்.

நஸீம் வாசலில் பிடித்தான். கையில் ஒரு பிளேட்டும் கரண்டியும்.

"மச்சான், ஒங்களுக்கு மேல ஏசி ரூம்ல தனியா வச்சிரிக்கி. கதிரை இரிக்கி. முழங்காலுக்கு லேசு."

"எனக்கு முழங்கால்ல ஒண்டுமில்ல. விரல்லதான்."

"கரண்டியும் இரிக்கி."

"ஒண்ட மகளுக்குக் குடு. சீதனத்தில ஒரு கரண்டி குறைஞ்சிருக்கும்."

மூன்று பேர் இருந்த ஒரு சஹனைப் பார்த்து நடந்தேன். நான் பாயில் இறங்க ஒரு நிமிடம் எடுக்கும். முதலில் சுவர், பிறகு ஒரு கை, பிறகு அல்லாஹ். நான் இறங்கி முடித்தபோது ஒருவருக்குப் போன் வந்திருந்தது. போன் அடிக்கவில்லை. இன்னொருவர் வுழூ முறிந்தது என்று எழும்பினார். சாப்பிட வுழூ தேவையில்லை. மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் போனார். நேர்மையானவர்.

மண்டபத்தில் எண்பது சஹன். எழுபத்தொன்பதில் நாலு பேர். என்னுடையதில் நான். பஸால் இரண்டு சஹன் தள்ளியிருந்து பார்த்தான். பெண்கள் பக்கத்துத் திரை கொஞ்சம் விலகியது. ஜுனைதாவின் கண் ஒன்று தெரிந்தது.

எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் பாயில் இறங்கிய நான் இரண்டு ஆள் பிடிக்காமல் எழும்ப முடியாது. ஆகவே அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது.

மூடியைத் திறந்தேன். நெய்ச்சோறு. கோழி. கத்தரிக்காய். நடுவில் மாட்டிறைச்சி, நாலு பேருக்கு அளந்தது. ஒரு பக்கத்தில் மிளகு போட்டுப் பொரித்த ஈரல்.

பிஸ்மில்லாஹ் சொன்னேன்.

கிழட்டு மாடு. நஸீம் தொடையைத் தொட்டுப் பார்க்கவில்லை. எட்டு வருடத்துக்குப் பிறகு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. என் பங்கை முடித்தேன். போன் வந்தவரின் பங்கை முடித்தேன். விரல் சரியாக மடங்காததால் மெதுவாகத்தான் தின்ன முடிந்தது. அதனால் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. ஜுனைதாவின் இருமல். நான் நிமிரவில்லை.

அப்போது முகைதீன்பாவா ஹாஜியார் வந்தார். மாப்பிள்ளைக்கு நீளமாக துஆ ஓதிவிட்டு வந்ததில் பிந்திவிட்டார். எந்தச் சஹனிலும் இடமில்லை. நஸீம் அவரைச் சுற்றி ஓடினான்.

"ஹாஜியார், ரெண்டாஞ் சபைக்கு இப்ப சஹன் வச்சிருவம். பத்து நிமிசம்."

"ரெண்டாஞ் சபைக்கு ஈரல் இரிக்கா?"

நஸீம் சமையல்காரரைப் பார்த்தான். சமையல்காரர் கூரையைப் பார்த்தார்.

ஹாஜியார் என் சஹனைப் பார்த்தார். நான் ஒரு ஈரல் துண்டை எடுத்து வாயில் வைத்தேன். மெதுவாக.

"அது ஈரலா?"

"ஓம் ஹாஜியார்."

"எத்தின துண்டு இரிக்கி?"

"ஆறு."

இன்னொன்றை எடுத்தேன். "அஞ்சு."

அவர் தாடியைத் தடவினார். எழுபத்தொன்பது சஹனிலும் கை நின்றது.

"டொக்டர் தொத்தாது எண்டு எழுதித்தானே இரிக்காரு?" என்று மண்டபத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"ஓம் ஹாஜியார். கடைசி வரியில."

"படிச்ச மனிசன் எழுதினதப் படிக்காம என்னத்துக்கடா கதைக்கிறீங்க?" என்று எல்லோருக்கும் ஏசினார். குரல் பதிவுகளில் ஒன்று அவருடையது. "தள்ளி இரி."

இருந்தார். கை போட்டார். நேராக ஈரலுக்கு.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என் கடிதம் ஊரில் வாசிக்கப்பட்டது.

பிறகு ஹாதிக் தன் சஹனிலிருந்து எழும்பி வந்து குந்தினார். பீ.எச்.ஐ. கை போட்டால் அதற்குமேல் ஊரில் பேச ஒன்றுமில்லை. நாலாவது இடத்துக்குப் பஸால் வந்தான். அவன் சஹனில் இறைச்சி முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் சோற்றை உருட்டினான்.

"காக்கா, அந்தப் பெட்டிசன்..."

"தெரியும். பெட்டிசன்லயே கோழி மணந்த."

"குஷ்டம் எண்டுதான் நினைச்சன். அல்லாஹ்வுக்காக."

"அல்லாஹ்வுக்காக அந்தக் கத்தரிக்காயத் தின்னு. இறைச்சியத் தொடாத."

சாப்பிட்டு முடிந்ததும் மற்ற மூன்று பேரும் சேர்ந்து என்னை எழுப்பினார்கள். வீட்டுக்குப் போனதும் ஜுனைதா, "வாயைக் காட்டுங்க," என்று கேட்கவில்லை.

"எத்தின துண்டு?" என்றாள்.

"அளவா."

"நாலு பேருட அளவு. பாத்துக்கிட்டுத்தான் இருந்த."

பிறகு தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தாள். இண்டைக்கு வெள்ளி என்றாள். கலண்டரில் தானே புள்ளடி போட்டாள். தினமும் போட்டால் ஆள் தப்பாது என்பதை அவளுக்கு ஒரு தரம்தான் சொன்னேன். அன்றிலிருந்து மாத்திரைப் பெட்டி அவளிடம்.

வெள்ளி மாத்திரை சனி குமட்டும். இப்போது மூன்றாவது மாதம். காலையில் இரண்டு மணித்தியாலம் மடங்காத கை முக்கால் மணித்தியாலத்தில் மடங்குகிறது. செதில் மெலிந்திருக்கிறது. போன விரல் போனதுதான். சில நாள் ஒன்றும் செய்யாமலே களைப்பு வந்து என்னைக் கதிரையில் போட்டுவிடும். முழுச் சுகம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கலியாணத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. கடையைத் திறந்து, கிளவுஸைப் போட்டு, கொளுக்கியில் ஈரலைத் தொங்கவிட்டேன். அந்த மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடிதத்தைக் கழற்றி ஈ விரட்டினேன். லெமினேட் செய்தது அதற்கு நல்லது.

முகைதீன்பாவா ஹாஜியார் வந்தார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர். மீனுக்குப் போன பெண்ணும் அதில் நின்றாள். ஹாஜியார் மூக்கைத் துடைத்தார். மண்டபத்து ஏசி பிடித்துவிட்டதாம்.

"ஈரல் இரிக்கா?" என்றார். இருமினார்.

அவர் மறுபடி இருமத் தொடங்கியபோது நான் கடிதத்தை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இரிக்கி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஹாஜியார். தொத்தும்."